வன்னியில் ஃப்ரீ ஃபயர் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், விளையாட்டுப் பொறுப்பாளர் எல்லோருக்கும் வணக்கம்.

கரப்பந்தாட்டத்துக்கு அடிக்கிற அதே மாதிரி நோட்டீஸ் அடித்து, அதே மாதிரி ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் வைத்து, எங்கள் பக்கத்துக் கழகங்கள் இப்போது ஃப்ரீ ஃபயர் என்ற போன் துவக்குச் சண்டை விளையாட்டுக்கும் போட்டி நடத்துகின்றன. நல்ல விசயம். வீட்டு மூலையில் தனியே கிடந்து விளையாடுகிற பெடியள் சனசமூக நிலையத்தில் ஒன்றாக இருந்து விளையாடுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், பிறகு ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வீடு போகிறார்கள். இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொல்லுகிறவர்களோடு வாதாட இந்த மடலை நான் எழுதவில்லை. துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறுகிற அம்மாமார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடும் உரிமையும் எனக்கு இல்லை.

நான் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். பின்னேரங்களில் ஒரு ஸ்குவாட்டை, அதாவது நான்கு பேர் அணியை, பார்த்துக்கொள்கிறேன். கேட்க வந்ததை முதலே கேட்டுவிடுகிறேன்: கஸ்டம் ரூம் போடும்போது துவக்குகளின் அட்ரிபியூட்டை நிறுத்துங்கள், கரக்டர் ஸ்கில்லை நிறுத்தாதீர்கள். இப்போது பல இடங்களில் இது நேர்மாறாக நடக்கிறது, அல்லது யாரும் எதையும் தொடுவதே இல்லை.

நிர்வாகத்தில் விளையாடாத பெரியவர்களும் இருப்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். கஸ்டம் ரூம் என்பது போட்டிக்கென்று நாங்களே திறக்கும் தனி அறை. கரக்டர் என்பது ஆட்டக்காரன் தெரிவுசெய்யும் பாத்திரம், ஸ்கில் என்பது அந்தப் பாத்திரத்துக்கு உரிய தனிச் சக்தி. இந்த விளையாட்டில் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அப்டேட் வரும். அதில் சில துவக்குகளின், சில கரக்டர்களின் சக்தியைக் குறைப்பார்கள். அதைப் பெடியள் நெர்ஃப் என்பார்கள். சிலவற்றுக்குக் கூட்டுவார்கள், அது பஃப். நேற்றுவரை எல்லோரும் தூக்கித் திரிந்த துவக்கை இன்று ஒருவரும் எடுக்க மாட்டார்கள். அதில் எங்களுக்கு ஒரு சொல்லும் இல்லை, கம்பனி செய்வது தான். ஆனால் நாங்கள் போட்டி நடத்தும் கஸ்டம் ரூமுக்குள் அப்படி இல்லை. ரூமைத் திறக்கும்போது ஒரு பக்கம் வரும். எத்தனை ரவுண்ட், எந்த மேப், குண்டு அளவோடா அளவில்லாமலா, கரக்டர் ஸ்கில் இருக்கட்டுமா, துவக்கின் அட்ரிபியூட் இருக்கட்டுமா என்று கேட்கும். அந்தப் பக்கத்தில் கை வைக்கிறவர் தான் அன்றைக்கு நெர்ஃப், பஃப் எல்லாம் தீர்மானிக்கிறார். ஒன்றையும் பார்க்காமல் அடியில் இருக்கும் பொத்தானை அமத்துகிறவரும் தீர்மானிக்கத்தான் செய்கிறார்.

அட்ரிபியூட் என்பது துவக்கின் மேல் போடும் ஸ்கின்னோடு வருவது. வெறும் நிறம் மட்டும் மாறினால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? நிறத்தோடு சேர்த்துச் சுடும் வேகம் கூடும், சேதம் கூடும், ஈடாக வேறு ஏதோ ஒன்று கொஞ்சம் குறையும். டைமன்டைக் கொட்டிச் சுற்றி, பிறகும் கொட்டிப் படிப்படியாக உயர்த்துகிற எவோ துவக்குகள் உண்டு. டைமன்ட் என்பது விளையாட்டுக்குள் செல்லும் நாணயம், உண்மைக் காசு கொடுத்து வாங்குவது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 தாண்டிய 2022இல் அதைப் பற்றி நினைக்கவே முடியாமல் போனவர்கள் எங்கள் பெடியளில் அதிகம். கனடாவில் மாமா இருக்கிறவனுக்கு மாமா டொப்-அப் போட்டுவிடுவார். அதில் ஒரு பிழையும் இல்லை, மாமா இருக்கிறார், போடுகிறார். ஆனால் கிண்ணத்துக்கான போட்டியில் ஒரே எம்பி40 துவக்கை இரண்டு பேர் எடுத்து, ஒருவனுடையது மட்டும் வேகமாகச் சுட்டால் நடுவர் எதற்கு இருக்கிறார்?

கரப்பந்தாட்டத்தில் இதே கழகங்கள் எவ்வளவு கவனம் என்று எனக்குத் தெரியும். ஆண்களுக்கு வலை 2.43 மீற்றர். நடுவில் கோல் வைத்து அளப்பீர்கள், பிறகு இரண்டு ஓரத்திலும் அளப்பீர்கள், ஓரம் நடுவை விட 2 சென்டிமீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தால் கயிற்றை இளக்கித் திரும்பக் கட்டுவீர்கள். ஓவர்கேம் என்கிற எங்கள் ஊர் முறை ஆட்டம் என்றால் அதற்கு வேறு சட்டம் என்று நோட்டீஸிலேயே போடுவீர்கள். ஃப்ரீ ஃபயர் நோட்டீஸில் என்ன போடுகிறீர்கள்? நுழைவுக் கட்டணம், முதற்பரிசு, தொடர்பு இலக்கம். அவ்வளவு தான்.

சரி, ஸ்கில் விசயத்துக்கு வருகிறேன். இதில் தான் என்னோடு பலர் முரண்படுகிறார்கள்.

"எல்லா ஸ்கில்லையும் நிறுத்தினால் தானே அண்ணை உண்மையான திறமை தெரியும்" என்று கேட்கிறவர்கள் பொதுவாக நல்ல போன் வைத்திருப்பவர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் கையில் இருக்கிற போனும் அந்தத் திறமைக்குள் ஒரு பங்கு என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவு தான்.

என் ஸ்குவாட்டில் ஒரு பெடியனின் போனைச் சொல்கிறேன். கண்ணாடி வெடித்த பழைய ரெட்மி. வலது பக்கத்து மேல் மூலையில் டச் செத்துவிட்டது. டிஸ்ப்ளே மாற்றினால் போனின் விலையில் பாதி வரும், அதனால் அவன் செற்றிங்ஸுக்குள் போய்ப் பொத்தான்களை எல்லாம் இழுத்து இடம் மாற்றி வைத்திருக்கிறான். சுடும் பொத்தான் திரையின் நடுவுக்கு வந்துவிட்டது. மறைவுக்குச் சுவர் எழுப்பும் குளூ வால் பொத்தான் இடது பெருவிரலுக்குக் கீழே. வேறு எவரும் அந்தப் போனை வாங்கி ஒரு நிமிடம்கூட விளையாட முடியாது. வியர்க்காமல் இருக்கப் பெருவிரல்களில் பவுடர் பூசுவான். மத்தியானத்தில் தகரக் கொட்டகைக்குள் இரண்டு ஆட்டம் போனால் போன் சூடேறும். சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போன் தானே வேகத்தைக் குறைக்கும். திரை விட்டு விட்டு நகரும். அதற்கு மேல் பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் தாமதம். சர்வர் கடலுக்கு அப்பால் இருக்கிறது, டவரோ வயலுக்கு அப்பால். சிக்னல் விழுந்தால், அவன் திரையில் அவன் சுவருக்குப் பின்னால் பதுங்கிவிட்டான், சர்வரின் கணக்கில் இன்னும் வெளியே நிற்கிறான். செத்த பிறகு தான் அவனுக்கே தெரியும்.

அந்தப் பெடியன் தலையைக் குறிபார்த்து இழுத்துச் சுடுவதில் ஒருநாளும் நல்ல போன்காரனை வெல்ல மாட்டான். ஆனால் எப்போது அணிக்கு உயிர் ஏற்ற வேண்டும், எங்கே நின்றால் நான்கு பேருக்கும் அது கிடைக்கும், யார் முன்னால் போக வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மற்றவர்களை விட நன்றாகத் தெரியும். அலோக் என்ற கரக்டரின் ஸ்கில் அப்படிப்பட்டது: தன்னைச் சுற்றிக் கிட்ட நிற்கும் தன் ஆட்களுக்கு ஓட்டமும் கூடும், உயிரும் ஏறும். அதற்கு வேகமான விரல் தேவையில்லை, யோசனை தேவை. ஸ்கில்லை நிறுத்திவிட்டால் அவனிடம் மிச்சம் இருப்பது வெடித்த கண்ணாடி மட்டும் தான்.

கரப்பந்தாட்டத்தில் 1998இல் லிபரோ வந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடிக்கவும் கூடாது, மறிக்கவும் கூடாது, பின்னால் நின்று பந்தை எடுத்துக் கொடுக்க மட்டும் ஒருவன், வேறு நிறச் சட்டையோடு. உயரம் இல்லாதவனுக்கும் அணியில் இடம் கிடைத்தது. அது ஒரு பஃப் தான். அதை யாரும் "உண்மையான கரப்பந்தாட்டம் இல்லை" என்று இன்றைக்குச் சொல்வதில்லை.

எல்லா ஸ்கில்லும் எப்போதும் நியாயமானது என்றும் நான் சொல்லவில்லை. குரோனோ என்ற கரக்டர் நினைவிருக்கும். 2020 டிசம்பரில் கிறிஸ்டியானோ ரொனால்டோவை வைத்து விளம்பரம் செய்து இறக்கினார்கள், 599 டைமன்ட். கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடி, படிப்புக்கென்று வீட்டுக்கு வீடு போன் வந்த காலம் அது. தாலிக்கொடி அடகு வைத்து வாங்கிய போனும் அதில் உண்டு. குரோனோ வந்தபோது 600 சேதம் தாங்கும் ஒரு வளையத்தை எழுப்புவான், உள்ளே நின்றபடியே வெளியே சுடுவான், ஓட்டமும் கூடும். வெளியே நிற்கிறவன் என்ன தான் செய்வது? நாலுக்கு நாலு மோதும் கிளாஷ் ஸ்குவாட் ஆட்டத்தில் எட்டுப் பேர் இறங்கினால் அதில் எத்தனை பேர் குரோனோ என்று எண்ணுவதே வேடிக்கையாகப் போனது. பிறகு தான் கம்பனி ஒவ்வொன்றாகக் கத்தரித்தது. வளையத்துக்குள் இருந்து வெளியே சுட முடியாது என்றார்கள். ஒரு நிமிடத்துக்குள் திரும்பப் பாவிக்கலாம் என்றிருந்ததை நிமிடக்கணக்கில் காத்திருக்கும்படி நீட்டினார்கள். எங்கள் பெடியள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஆனால் அந்த நெர்ஃப் நியாயமானது. ஒரே ஒருவனை எடுக்காவிட்டால் தோல்வி என்ற நிலை வந்தால் அது விளையாட்டு இல்லை.

காசு கொடுத்து வாங்கியவனின் கோபமும் நியாயமானது, அதையும் சொல்ல வேண்டும். ஹார்த்ஸ்டோன் என்ற அட்டை விளையாட்டில் ஒரு அட்டையை வலுக்குறைத்தால், கொஞ்ச நாட்களுக்கு அதைக் கலைத்து முழு மதிப்பையும் திரும்ப எடுக்க விடுகிறார்கள். எல்லா விளையாட்டிலும் அந்த மரியாதை கிடைப்பதில்லை.

பெரிய கம்பனிகள் நெர்ஃப் செய்யும்போது யாரைப் பார்த்துச் செய்கின்றன என்பது இன்னொரு கேள்வி. லீக் ஒஃப் லெஜென்ட்ஸ் என்ற கணினி விளையாட்டை நடத்தும் ரயட் கம்பனி 2019இல் தன் அளவுகோலை வெளிப்படையாகவே எழுதியது. சாதாரண ஆட்டக்காரர், திறமையானவர், உச்சத்தில் இருப்பவர், தொழில்முறையினர் என்று நான்கு தட்டு. எந்த ஒரு தட்டில் ஒரு பாத்திரம் அளவு மீறினாலும் வலுக்குறைப்பார்கள். ஆனால் மெலிந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் நான்கு தட்டிலும் மெலிந்திருக்க வேண்டும். இதனால் அசீர் போன்ற பாத்திரங்கள் மேடையில் நட்சத்திரம், வீட்டில் விளையாடுகிறவன் கையில் தோல்வி. அவர்களுக்கு உலகம் முழுவதும் பார்க்க வேண்டியிருக்கிறது, வேறு வழி குறைவு என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் போட்டிக்கு எந்த ஊர்ப் பெடியள் வருவார்கள், எந்தப் போனோடு வருவார்கள் என்பது உங்களுக்குப் பெயரோடு தெரியும். பாதிப் போன்கள் என் கடை மேசைக்கு வந்து போனவை.

"கம்பனி வைத்த மாதிரியே விளையாடுவோம், நாங்கள் யார் மாற்ற" என்று ஒரு கழகத்தில் சொன்னார்கள். கொரியாக்காரர் அப்படி நினைக்கவில்லை. ஸ்டார்கிராஃப்ட் புரூட் வார் என்ற விளையாட்டு 1998இல் வந்தது. படைகளின் பலத்தைச் சரிசெய்யும் கடைசி அப்டேட் 2001இல். அதோடு படைகளின் பலத்தைக் கம்பனி தொடவில்லை. அந்தக் காலத்தில் வன்னியில் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தோம். அங்கே தொலைக்காட்சியில் லீக் போட்டி. மூன்று இனங்களில் ஒன்று மேலே ஏறினால் அங்கே போட்டி நடத்துகிறவர்கள் துவக்கையோ படையையோ தொடவில்லை, மேப்பை மாற்றினார்கள். ஒரு மேட்டை ஒடுக்கினார்கள், கனிமம் இருக்கும் இடத்தைத் தள்ளி வைத்தார்கள், அடுத்த பருவத்துக்கு வேறு மேப் போட்டார்கள். பத்து வருசத்துக்கு மேல் அப்படியே ஓடியது. விளையாட்டைச் செய்தவன் ஒருவன், போட்டியை நியாயமாக்கியவன் இன்னொருவன்.

இனி அப்டேட் நாள். போன வருசம் ஒரு போட்டிக்குப் போனோம், கழகத்தின் பெயர் வேண்டாம். காலையில் எழும்பிப் பார்த்தால் புது அப்டேட் இறங்கியிருக்கிறது. அதை ஏற்றாமல் உள்ளேயே போக முடியாது. வந்திருந்த அணிகள் எல்லாம் வேப்பமரத்துக்குக் கீழே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, ஒரு டவரில் இருந்து எல்லோரும் உறிஞ்சினால் என்ன வரும்? டேட்டா முடிந்தவர்கள் ரீலோட் போடக் கடை தேடிப் போனார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "அப்டேட் ஏறி முடிந்த அணிகள் உடனடியாக மேசைக்கு வரவும்" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார். வீட்டில் வைஃபை இருந்து இரவே ஏற்றிக்கொண்டு வந்த அணி ஒன்று ஏற்கெனவே பயிற்சியும் முடித்துவிட்டது. எங்கள் முறை வந்தபோது பெடியளுக்கு எந்தத் துவக்கு கூடியது, எது குறைந்தது என்றே தெரியாது. கால் இறுதியில் எதிரணி ஸ்கின் துவக்கோடு இறங்கியது, அட்ரிபியூட் திறந்தே கிடந்தது. மேசையில் போய்க் கேட்டேன்.

"அது கேமுக்குள்ளேயே இருக்கிறது தானே தம்பி?"

"நோட்டீஸில் போடவில்லையே அண்ணை."

"போடாதது எல்லாம் அனுமதி தான்."

இதற்கு மேல் என்ன கதைக்க.

பெரிய இடங்களிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2018 டிசம்பரில் ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டில் 10 இலட்சம் டொலர் பரிசுப் போட்டி நடக்கிற நேரம் பார்த்து இன்ஃபினிட்டி பிளேட் என்று ஒரு வாளை இறக்கினார்கள். எடுத்தவன் வென்றான். ஆட்டக்காரர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே அதை எடுத்துவிட்டு, பிழை தங்களுடையது என்று கம்பனி ஒத்துக்கொண்டது. அவர்களுக்காவது திரும்ப எடுக்கும் அதிகாரம் இருந்தது. எங்களுக்கு இருப்பது திகதியை மாற்றும் அதிகாரம். பெரிய அப்டேட் வருகிற நாளைக் கம்பனி முன்கூட்டியே அறிவிக்கும். அதற்கு முந்தின வாரம் வையுங்கள், அல்லது பிந்தி இரண்டு கிழமை விட்டு வையுங்கள். அறுவடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் பார்த்துத் தானே திகதி வைக்கிறீர்கள், இதையும் பார்த்தால் போயிற்று.

குரோனோ மாதிரி ஒன்று திரும்ப வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வரும், கட்டாயம் வரும். அப்போது அந்தக் கரக்டரை மட்டும் தடை செய்யுங்கள், ஆனால் சத்தம் போடுகிறவனைப் பார்த்துச் செய்யாதீர்கள். முரளியின் கையை நினைத்துப் பாருங்கள். 2004இல் அவருடைய தூஸ்ரா என்ற பந்துவீச்சை நிறுத்தச் சொன்னபோது சுழற்பந்து வீச்சாளருக்கு முழங்கை நிமிர்வு 5 பாகை தான் என்று சட்டம். ஆளாளுக்குக் கத்தினார்கள். பிறகு கருவி வைத்து அளந்து பார்த்தால், கையை நிமிர்த்தாமல் போடுகிறவர்கள் என்று உலகம் நம்பியவர்களின் கையும் நிமிர்ந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று வந்தது. எங்களுக்குக் கருவி ஒன்றும் தேவையில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் கப்டன் தன் நான்கு பேரும் எந்தக் கரக்டர் என்று ஒரு துண்டில் எழுதி மேசையில் கொடுக்கட்டும். போட்டி முடிய அந்தத் துண்டுகளைச் செயலாளர் ஒரு கொப்பியில் ஏற்றி வைக்கட்டும். வென்ற அணிகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த போட்டிக்கு அதைத் தடை செய்யலாம், குலுக்கல் அன்று கப்டன்மார் கையுயர்த்தி முடிவெடுக்கலாம். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் எதையும் மாற்றக்கூடாது, அரையிறுதியில் தோற்றவன் யாருடைய தம்பியாக இருந்தாலும்.

எமுலேட்டர் போட்டுக் கணினியில் கீபோர்ட், மௌஸ் வைத்து விளையாடுவதை ஏற்கெனவே எல்லோரும் தடுக்கிறீர்கள், அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

நோட்டீஸில் இடம் இல்லை என்றால் பரிசுத்தொகைக்குக் கீழே ஒரு வரி போதும்: "துவக்கு அட்ரிபியூட் இல்லை, கரக்டர் ஸ்கில் உண்டு, தடை செய்யப்பட்ட கரக்டர்கள் குலுக்கல் அன்று அறிவிக்கப்படும்." ரூம் போட்டதும் அந்தச் செற்றிங்ஸ் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து இரண்டு கப்டனுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிறகு எவனும் மேசைக்கு வந்து கத்த மாட்டான், நான் உட்பட.

ஆவணி விடுமுறைப் போட்டிகளுக்கு இப்போதே கூட்டம் போட்டிருப்பீர்கள். ரூம் போடத் தெரிந்த ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். பெற்றோல் காசு வேண்டாம். ரூம் கார்ட் மட்டும் கழகக் கணக்கில் எடுத்து வையுங்கள், என்னுடையது முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
மாங்குளத்திலிருந்து ஒரு போன் கடைக்காரன்